வாவிக்கரைப் பூமரங்களைப் போனில் படம் எடுப்பது எப்படி?

மாரி மழை ஓய்ந்து, பெரும்போக வெட்டும் முடிந்து, வெயில் ஏறத் தொடங்கியதும் மட்டக்களப்புப் பக்கம் மரங்கள் பூக்கத் தொடங்கிவிடும். பங்குனியில் வேம்பு, சித்திரையில் கொன்றை, அதையொட்டியே புங்கு. பூவரசுக்கு மட்டும் காலக்கணக்கு இல்லை, வருடம் முழுக்க அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பூத்துக்கொண்டே இருக்கும். இவற்றில் பல தண்ணீர்க் கரையில் நிற்பது நமக்குக் கிடைத்த வசதி. பூவும் தண்ணீரும் ஒரே படத்துக்குள் வரும்.

இது இப்போதுதான் படம் எடுக்கப் பழகுகிறவர்களுக்கு. விலை கூடிய கமரா தேவையில்லை, கையில் இருக்கும் போனே போதும். எந்தக் கரையில், எத்தனை மணிக்கு நிற்கிறோம் என்பதில்தான் பாதிப் படம் இருக்கிறது. ஆகவே அதற்குத்தான் கூடுதல் இடம் கொடுத்திருக்கிறேன்.

படி 1: மரத்தைப் பகலிலேயே பார்த்து வையுங்கள்

படம் எடுக்கப் போகும் நாளில் மரம் தேடி அலைய வேண்டாம். அதற்கு முன் ஒரு நாள் சைக்கிளில் ஒரு சுற்றுச் சுற்றி வாருங்கள். கிளை கண் மட்டத்துக்குத் தாழ்ந்திருக்கிறதா, பின்னால் தண்ணீர் தெரிகிறதா, மின்கம்பி குறுக்கே போகிறதா என்று பார்த்தால் போதும். கொன்றை என்றால் மொட்டு எந்த நிலையில் இருக்கிறது என்றும் பாருங்கள். அதன் சரம் மேலிருந்து கீழாக விரியும். மேல்பாதி விரிந்து, நுனியில் பச்சை மொட்டுகள் மிச்சம் இருக்கும்போது எடுத்தால்தான் அழகு. முழுக்க விரிந்த பிறகு மேலே உள்ள இதழ்கள் உதிரத் தொடங்கிவிடும்.

பூவரசம்பூவுக்கு நாளைவிட நேரம்தான் முக்கியம். காலையில் இளமஞ்சள், நடுவில் கடும் சிவப்புப் பொட்டு. பொழுது சாயச் சாய அதே பூ வாடிச் செந்நிறத்துக்கு மாறும். ஒரே கிளையில் இன்றைய மஞ்சளும் நேற்றைய சிவப்பும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் விடாதீர்கள், இரண்டையும் ஒரே படத்தில் பிடியுங்கள்.

ஆற்றோர மருத மரத்தின் பூ மிகச் சின்னது, வெளிர் மஞ்சளாகத் தூரத்தில் தெரியவே தெரியாது. அதைப் பூவுக்காக எடுக்க வேண்டாம். வழுவழுப்பான வெளிர்ப் பட்டையும் தண்ணீருக்குள் இறங்கும் வேரும்தான் மருதில் எடுக்க வேண்டியவை.

படி 2: எந்தக் கரை, எந்த நேரம்

மட்டக்களப்பு வாவி கடலுக்குச் சமாந்தரமாக வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கல்லடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி எல்லாம் எழுவான்கரை, அதாவது வாவியின் கிழக்குக் கரை. அங்கே மரத்துக்குப் பின்னால் வாவி தெரிய நின்றால் நீங்கள் மேற்கே பார்த்து நிற்கிறீர்கள். காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். பூவின் நிறம் சுத்தமாக விழும், பின்னால் தண்ணீர் நீலமாக வரும். பழகுகிறவர்களுக்கு இதுதான் எளிதான வெளிச்சம். முதல் நாள் இதிலிருந்தே தொடங்குங்கள்.

அதே இடத்துக்குப் பின்னேரம் போனால் எல்லாம் தலைகீழ். சூரியன் வாவிக்கு மேல், பூவுக்குப் பின்னால் இருக்கும். கொன்றை இதழ் மெல்லியது, வெளிச்சம் அதற்குள்ளால் ஊடுருவி வரும், இதழ் நரம்பு நரம்பாகத் தெரியும். முன் வெளிச்சத்தில் இது ஒருநாளும் கிடைக்காது. சூரியன் நேரே கமராவுக்குள் விழாதபடி அடிமரத்துக்கோ தடித்த கிளைக்கோ பின்னால் அதை மறைத்து நில்லுங்கள்.

மண்முனைப் பாலம் தாண்டிக் கொக்கட்டிச்சோலைப் பக்கம், மேற்குக் கரையான படுவான்கரையில் நிற்கிறவர்களுக்கு இந்தக் கணக்கை மாற்றிப் போட வேண்டும். அங்கே வெள்ளாப்பில் சூரியன் தண்ணீருக்கு மேலால் எழும், பின்னேரம்தான் முன் வெளிச்சம்.

அம்பாறைப் பக்கம் பட்டிப்பளை ஆறு இங்கினியாகலையிலிருந்து கிழக்கே கடலை நோக்கி ஓடுகிறது. அதனால் அதன் கரைகளில் காலையும் மாலையும் பக்கவாட்டு வெளிச்சம் கிடைக்கும். மருதின் பட்டையையும் வேரையும் எடுக்க இதைவிட நல்ல வெளிச்சம் இல்லை என்பது என் எண்ணம்.

நடுப்பகலை விட்டுவிடுங்கள். ஏப்ரல் 5 முதல் 15 வரை சூரியன் இலங்கைக்கு நேர் உச்சியில் நிற்கிறது. நண்பகல் தாண்டும் நேரத்தில் உங்கள் நிழல் உங்கள் காலடியிலேயே சுருண்டுவிடும். கொன்றை பூக்கும் காலமும் அதுதான். அந்த உச்சி வெயிலில் மேலிதழ் வெளிறிப் போகும், கீழ்ப்பக்கம் கறுத்துவிடும். காலை 6 முதல் 8 மணி வரை, பின்னேரம் 4.30 முதல் பொழுது படும்வரை. இந்த இரண்டு வேளையும் போதும்.

படி 3: போனைத் தயார் செய்தல்

முதலில் லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். வாவிக்கரைக் காற்றில் உப்பு இருக்கிறது, விரல் எண்ணெயும் சேர்ந்தால் படம் முழுக்கப் புகார் படிந்த மாதிரி இருக்கும். அப்புறம் கமரா செட்டிங்ஸில் கிரிட் கோடுகளைப் போட்டுவிடுங்கள். ஃபிளாஷை நிறுத்துங்கள்.

இரண்டு விரலால் இழுத்துப் பெருப்பிப்பதைக் குறைத்துக்கொள்ளுங்கள். போனில் தனியாக 2 மடங்கு, 3 மடங்கு லென்ஸ் இருந்தால் அதுவரை சரி. அதற்கு மேல் இழுத்தால் பூ மாவாகக் கரைந்துவிடும்.

படி 4: மஞ்சளை எரிய விடாதீர்கள்

கொன்றையை எடுத்துப் பார்த்துவிட்டு, “நேரில் அப்படி இருந்தது, படத்தில் வெறும் மஞ்சள் திட்டாக வந்திருக்கிறது” என்று பலர் சொல்வார்கள். காரணம் இதுதான்: போன் முழுக் காட்சியையும் சராசரியாக்கி வெளிச்சத்தைத் தீர்மானிக்கிறது. பின்னால் இருண்ட இலைகள் கூட இருந்தால், “இருட்டாக இருக்கிறது” என்று நினைத்து எல்லாவற்றையும் ஒரேயடியாக வெளுப்பாக்கும். இலை சரியாக வரும், ஆனால் ஏற்கனவே பளிச்சென்ற பூ எரிந்துபோகும். எரிந்த இதழின் கோடுகளைப் பிறகு எந்தச் செயலியாலும் மீட்க முடியாது.

திரையில் பூவின்மீது விரலை வைத்துச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள். ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும், பக்கத்தில் சின்னச் சூரிய அடையாளம் ஒன்று வரும். அதைக் கீழே இழுங்கள். இதழில் கோடுகள் தெரியும் இடத்தில் நிறுத்துங்கள். திரையில் படம் கொஞ்சம் மங்கலாகத் தெரியும், பரவாயில்லை. கமராவில் எடுப்பவர்கள் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) மைனஸ் 2/3 அளவில் வைத்துத் தொடங்கலாம்.

வெளிறிய வானத்துக்கு எதிரே வேப்பம்பூவையோ புங்கம்பூவையோ எடுக்கும்போது இதற்கு நேர்மாறு. அங்கே பூ கறுத்துப் போகும், அடையாளத்தை மேலே இழுக்க வேண்டும்.

படி 5: முழு மரத்துக்கு முன் ஒரு சரம்

முதலில் ஒரே ஒரு பூச்சரத்தை எடுங்கள். கொன்றைப் பூவைக் கிட்டப் பார்த்தால் ஐந்து இதழ்களுக்கு நடுவில் பத்து மகரந்தத் தாள்கள், அவற்றில் மூன்று மட்டும் நீண்டு வளைந்து வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். ஃபோகஸ் அந்த வளைவில் விழட்டும். அது கூர்மையாக வந்தால் மற்றவை மங்கினாலும் படம் நிற்கும். ஒரு சாணுக்கும் கிட்டப் போனால் பல போன்கள் ஃபோகஸ் பிடிக்காது, சற்றுப் பின்வாங்கி 2 மடங்கு லென்ஸில் எடுங்கள். போர்ட்ரெய்ட் மோட் வேண்டாம். இந்த மெல்லிய தாள்களைப் பின்னணி என்று நினைத்து அது அழித்துவிடும்.

பூவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பாருங்கள். அரை அடி இடப்பக்கம் நகர்ந்தாலே பின்னால் இருக்கும் தகரக் கூரை போய் நிழலான தண்ணீர் வந்துவிடும்.

படி 6: தண்ணீரையும் சேர்த்தல்

தண்ணீரில் மரத்தின் நிழலுரு தெளிவாக விழ வேண்டுமென்றால் காற்றுக்கு முன் போக வேண்டும். காலையில் வாவி அசையாமல் கிடக்கும், வெயில் ஏறியதும் கடற்காற்று வந்து கலைத்துவிடும். வைகாசிக்குப் பின் கச்சான் காற்று வீசத் தொடங்கினால் பகலில் கிளையும் நிற்காது. அந்த நாட்களில் போனின் பர்ஸ்ட் வசதியால் தொடர்ச்சியாக எடுத்து ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். கமராவில் ஷட்டர் வேகத்தை 1/500 வினாடிக்குக் கொண்டு போங்கள்.

குந்தி இருந்து, போனைத் தண்ணீர் மட்டத்துக்குக் கிட்டப் பிடியுங்கள். நின்றபடி எடுப்பதைவிட நிழலுரு கூடுதலாக உள்ளே வரும். தண்ணீரில் தெரிவது நிஜ மரத்தைவிடச் சற்று இருட்டாகத்தான் இருக்கும், அதை வெளிச்சமாக்க முயல வேண்டாம். எதிர்க்கரைக் கோடு கிரிட் கோட்டுக்கு நேராக இருக்கட்டும். தண்ணீர் சரிந்த படத்தை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.

புங்கு உதிரும் காலத்தில் மேலே பார்ப்பதைவிடக் கீழே பார்ப்பது நல்லது. கரையோரத் தண்ணீரில் பூ மிதந்து ஒதுங்கியிருக்கும். ஒரு தோணியின் அணியமும் அந்தப் பூக்களும் சேர்ந்தால் அதுவே முழுப் படம்.

படி 7: கரையில் கவனம்

வாவியிலும் ஆறுகளிலும் முதலை உண்டு. குந்தி இருந்து எடுக்கச் சொன்னேன், ஆனால் கண்ணா (அலையாத்தி) பற்றைக்குள்ளோ புல் மண்டிய விளிம்பிலோ அல்ல. திறந்த தோணித்துறையில் மட்டும். அங்கே வலை வீசுகிறவரிடம், “அண்ணன், இந்தப் பக்கம் இறங்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவருக்குத் தெரியாதது எதுவும் அந்தக் கரையில் இல்லை. தில்லை மரத்தில் கை வைக்க வேண்டாம், அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைப் பாதிக்கும். அம்பாறைக் காட்டோரங்களிலும் படுவான்கரை உட்பகுதிகளிலும் யானை நடமாட்டம் இருப்பதால் விடியுமுன் தனியாகப் போகாதீர்கள்.

படத்துக்காகக் கிளையை ஒடிக்கவும் வேண்டாம், வளைத்துக் கட்டவும் வேண்டாம். நாளைக்கு அதே மரத்தடிக்கு இன்னொரு பிள்ளை போனோடு வரும்.

படி 8: வீட்டுக்கு வந்தபின்

எடுத்ததில் பெரும்பாலானதை அழித்துவிடுங்கள். நல்லதாகத் தெரிகிற நாலைந்தில் சரிவை நேராக்கி, ஓரத்தை வெட்டி, நிழல்களை மட்டும் சிறிது உயர்த்துங்கள். நிறத்தைக் கூட்டும் பொத்தானைத் தொடவே வேண்டாம். கொன்றை மஞ்சளுக்கு மேல் மஞ்சள் கிடையாது.

நண்பர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி இதழ்க் கோடுகள் போய்விடும். இணைப்புக் குறியை அழுத்தி, டாக்குமென்ட் என்பதைத் தெரிவு செய்து அனுப்புங்கள். எடுத்த தரத்திலேயே போய்ச் சேரும்.