இருளர் பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருந்தால்

செங்கல்பட்டுப் பக்கம் புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்களுக்கு இதை எழுதுகிறேன். இருளர் இந்தப் பக்கத்துப் பழங்குடியினர் (எஸ்.டி.); பாம்பும் எலியும் பிடிப்பது அவர்கள் முன்னோர் தொழில். இங்கே பதினெட்டு வருஷம் ஓட்டியவள் நான். சொல்வதில் பாதி, நானே செய்த தப்பு.

முதலாவது, வகுப்பில் “எஸ்.டி. பிள்ளைகள் எழுந்திருங்க” என்று சொல்லாதீர்கள். உதவித்தொகைப் படிவத்தை முடிக்கும் அவசரத்தில் நான் அப்படிச் சொன்னேன். மூன்று பேர் எழுந்தார்கள். சாயங்காலத்துக்குள் மூன்று பேருக்கும் ‘எலி’ என்று பெயர் விழுந்துவிட்டது. அதில் ஒரு பெண் ஒரு வாரம் வரவே இல்லை. இப்போதெல்லாம் படிவத்தோடு வீட்டுக்கே போய்விடுகிறேன். ஆறு மணிக்கு மேல் போங்கள், பகலில் எல்லோரும் வேலைக்குப் போயிருப்பார்கள். தண்ணீர் கொடுத்தால் வாங்கிக் குடியுங்கள். குடிக்கிறோமா இல்லையா என்று பார்ப்பார்கள்.

இங்கே பத்து வயதுப் பையன்கூட அறுபது வயது இருளரை ‘வாடா’ என்பான். பெற்றோர் பள்ளிக்கு வரும்போது, வகுப்பின் காதில் விழும்படி “வாங்கய்யா, உட்காருங்க” என்று நாற்காலியை இழுத்துப் போடுங்கள். நீதிபோதனை வகுப்பில் ஒரு மணி நேரம் பேசுவதைவிட இது வேலை செய்யும்.

சாதிச் சான்றிதழ்தான் பெரிய தலைவலி. பழங்குடியினருக்குத் தாசில்தார் தர முடியாது, கோட்டாட்சியர்தான் தர வேண்டும். ரத்த சொந்தத்தில் யாருக்காவது ஏற்கெனவே சான்றிதழ் இருந்தால் அதன் நகலை முதலில் தேடிப் பிடியுங்கள். விசாரணை நாளில் முடிந்தால் கூடவே இருங்கள். ஒருமுறை விசாரிக்க வந்தவர் பையனிடம் “பாம்பு பிடிப்பியா?” என்று கேட்டார். அவன் அப்பாவுக்கு சென்ட்ரிங் வேலை; பாம்பைக் கண்டால் அவன் என்னைவிட வேகமாக ஓடுவான்! சான்றிதழ் வரும்வரை சேர்க்கையை நிறுத்தி வைக்காதீர்கள். வயதுச் சான்று இல்லை என்றுகூடத் திருப்பி அனுப்பக் கூடாது என்கிறது 2009 கல்வி உரிமைச் சட்டம்.

பொங்கல் முடிந்ததும் சில குடும்பங்கள் செங்கல் சூளைக்குப் போய்விடும். பதிவேட்டில் பெயரை அடிக்காதீர்கள். சூளை எந்த ஊரில் என்று கேட்டு, பக்கத்துப் பள்ளிக்கு ஒரு போன் போடுங்கள்.

அப்புறம் பாடம். பாம்புக்கடி மருந்து பற்றிப் பேசும்போது, வடநெம்மேலியில் 1978 முதல் இருளர் கூட்டுறவுச் சங்கம் இருப்பதைச் சொல்லுங்கள். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கிலிருந்தும் விஷம் எடுத்துவிட்டுப் பாம்பைத் திரும்பக் காட்டிலேயே விடுகிறார்கள். அந்த விஷத்திலிருந்துதான் மருந்து தயாராகிறது. அந்தச் சங்கத்தில் பாம்பு பிடிக்கும் மாசி சடையன், வடிவேல் கோபால் இருவருக்கும் 2023-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நம் மாவட்டத்துக் கதையாகச் சொல்லுங்கள். சொல்லும்போது மட்டும் அந்தப் பிள்ளை பக்கம் திரும்பிப் பார்த்துவிடாதீர்கள், மொத்த வகுப்பும் திரும்பும்.

மாசி மகத்தன்று இவர்கள் வராவிட்டால் முகம் சுளிக்க வேண்டாம். மாமல்லபுரம் கடற்கரையில் முதல் நாளே போய்த் தங்கி, விடியலில் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள்; கல்யாணமும் அங்கேயே நடக்கும். கூப்பிட்டால் போங்கள், ஆனால் ராத்திரியே போய்விடுங்கள். போன வருஷம் காலை பஸ்ஸில் போய் இறங்கினேன், பூசை முடிந்து அடுப்பையே அணைத்திருந்தார்கள்.