ப்யூட்டீஷியன் எக்ஸாமுக்கு நம்ம தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துல இருந்தே ரெடியாகுறது எப்படி

நம்ம பக்கம் பார்லர்ல வேலை பாக்குற பொண்ணுங்க நிறைய பேரு கை வேலைல கெட்டி, புருவம் எடுத்தாங்கன்னா ரெண்டு பக்கமும் அளவு எடுத்த மாதிரி இருக்கும், ஆனா எக்ஸாம்னு சொன்னா போதும், நான் தமிழ் மீடியம்க்கா எனக்கு வராதுன்னு ஒதுங்கிடுவாங்க. அந்த தங்கச்சிங்களுக்காகத்தான் இத எழுதுறேன், கண்டிப்பா வரும், எத படிக்கணும்னு தெரிஞ்சா போதும்.

மொதல்ல எந்த எக்ஸாம்னு தெளிவா முடிவு பண்ணுங்க. அமெரிக்கால அந்தந்த மாநிலத்து ப்யூட்டி போர்டு வைக்கிற எக்ஸாம் எழுதி லைசென்ஸ் வாங்கினாத்தான் அடுத்தவங்க முகத்துல கை வைக்க முடியும், நம்ம நாட்டுல ஆளுக்கு அப்படி லைசென்ஸ் கெடையாது, சர்டிஃபிகேட்தான். ஒண்ணு ஐடிஐ காஸ்மெட்டாலஜி, பத்தாவது பாஸ் பண்ணிருக்கணும், ஒரு வருஷம், கடைசில ஆல் இந்தியா ட்ரேட் டெஸ்ட். இன்னொண்ணு ப்யூட்டி அண்ட் வெல்னஸ் செக்டர் ஸ்கில் கவுன்சில் அசெஸ்மென்ட், அசிஸ்டன்ட் ப்யூட்டி தெரபிஸ்ட், ப்யூட்டி தெரபிஸ்ட்னு லெவல் இருக்கு. ஏற்கனவே பல வருஷமா பார்லர்ல இருக்கறவங்க ஆர்பிஎல் பத்தி கேளுங்க, அனுபவத்த வச்சு அசெஸ் பண்ணி சர்டிஃபிகேட் குடுக்குறது அது. பீஸ் கட்டறதுக்கு முன்னாடி சர்டிஃபிகேட்ட யாரு குடுக்குறாங்கன்னு கேட்டு, ஸ்கில் இந்தியா டிஜிட்டல் சைட்லயும் பாத்துக்கோங்க, ஏன்னா சென்டர்காரங்களே அடிச்சு குடுக்குற பேப்பர பெங்களூரு ஸ்பால நீட்டினா மதிக்க மாட்டாங்க.

ஐடிஐல பிராக்டிகல்ல பாஸ் ஆக 60 சதவீதம் வேணும், தியரிக்கு 33 போதும். இதுலயே தெரியுது பாருங்க எங்க நேரத்த போடணும்னு.

பிராக்டிகல்ல எல்லாரும் மசாஜ் ஸ்ட்ரோக்க மட்டும் போட்டு பழகுறாங்க, எனக்கு அதுதான் வருத்தம். எக்ஸாமினர் கண்ணு ரொம்ப நேரம் இருக்கறது உங்க சுத்தத்து மேல. ஒரு ஸ்டெப் முடிஞ்சு அடுத்தது எடுக்கறதுக்குள்ள கை எங்க போச்சு, முடிய ஒதுக்கினீங்களா, போன தொட்டீங்களா, அதெல்லாம் கவனிப்பாங்க. க்ரீம் டப்பால விரல விடாதீங்க, ஸ்பேட்டுலால எடுத்து கிண்ணத்துல போட்டு அதுல இருந்து எடுங்க. வேக்ஸ்ல ஒரு தடவை தோல்ல பட்ட குச்சி திரும்ப வேக்ஸ் பாத்திரத்துக்குள்ள போகவே கூடாது. ஏதாவது கீழ விழுந்தா பதறாதீங்க, எடுத்து யூஸ் பண்ண பொருள் வைக்கிற ட்ரேல போட்டுட்டு, கைய சானிடைஸ் பண்ணிட்டு வேற ஒண்ணு எடுங்க, இத நிதானமா செஞ்சா உங்க மேல நம்பிக்கைதான் வரும். அப்புறம் த்ரெட்டிங், நம்ம ஊர்ல நூல பல்லுல கடிச்சு இழுக்கறதுதான் பழக்கம், இத இன்னைக்கே விட்டுடுங்க, வாயில வச்ச நூலு அடுத்தவங்க முகத்துல படக்கூடாது. கழுத்துல கட்டி பழகுங்க, மொதல்ல வேகம் கொறையும், கொஞ்ச நாள்ல சரியாயிடும். ஒவ்வொரு ஆளுக்கும் புது நூல்.

க்ளீனிங், டிஸ்இன்ஃபெக்ஷன், ஸ்டெரிலைசேஷன் மூணும் வேற வேற, வைவால, அதாவது வாயால கேள்வி கேக்கறப்ப, இத கேப்பாங்க. சோப்பு தண்ணில அழுக்க கழுவறது க்ளீனிங். 70 சதவீத ஆல்கஹால் மாதிரி ஒண்ணு போட்டு பெரும்பாலான கிருமிய கொல்றது டிஸ்இன்ஃபெக்ஷன். ஸ்போர்னு சொல்ற, லேசுல சாகாத கிருமி வித்து வரைக்கும் மிச்சமில்லாம அழிக்கறதுதான் ஸ்டெரிலைசேஷன், அதுக்கு ஆட்டோக்ளேவ்ங்கற நீராவி பிரஷர் மெஷின், 121 டிகிரி, 15 பவுண்டு பிரஷர், கொறஞ்சது 15 நிமிஷம். யூவி பெட்டி இருக்கே, அத எல்லாரும் ஸ்டெரிலைசர்னு சொல்றாங்க, ஏற்கனவே சுத்தம் பண்ணத பத்திரமா வைக்கத்தான் அது. கழுவாம நேரா அதுல போட்டா ஒரு பிரயோஜனமும் இல்ல.

தியரிக்கு ஒரு தனி நோட்டு போடுங்க, இங்கிலீஷ் வார்த்தைய தமிழ் எழுத்துல எழுதி பக்கத்துல அர்த்தம். எபிடெர்மிஸ்னா தோலோட மேல் பகுதி, அதுல இருக்கற அடுக்குங்க அடியில இருந்து மேல பேசாலே, ஸ்பினோசம், கிரானுலோசம், லூசிடம், கார்னியம், இதுல லூசிடம் உள்ளங்கை உள்ளங்கால்ல மட்டும்தான் இருக்கும். தோல் புதுசாக ஏறக்குறைய 28 நாள், வயசானா கூடும். தோலோட பிஹெச், அதாவது அமிலத்தன்மை அளவு, சுமார் 4.5ல இருந்து 5.5. மசாஜ்ல எஃப்ளூராஜ் தடவறது, பெட்ரிசாஜ் பிசையறது, டாப்போட்மென்ட் தட்டறது, ஃப்ரிக்ஷன் அழுத்தி தேய்க்கறது, வைப்ரேஷன் அதிர வைக்கறது, பேர வாயால சொல்லிக்கிட்டே கையால செய்ங்க, ரெண்டும் சேந்து மனசுல நிக்கும். கால்வனிக் மெஷின்னா முகத்துல லேசா கரண்ட் விடற மெஷின், அதுல நெகட்டிவ் போல்ல செய்றது டிஸ்இன்க்ரஸ்டேஷன், தோல்ல இருக்கற எண்ணெய்ப் பசைய இளக்கும். பேஸ்மேக்கர் வச்சவங்க, கர்ப்பமா இருக்கறவங்க, வலிப்பு உள்ளவங்க, உடம்புல மெட்டல் பிளேட் இருக்கறவங்களுக்கு வைக்கவே கூடாது.

யாருக்கு செய்யக்கூடாதுங்கறதுதான் முக்கியமான பாடம்னு நான் சொல்வேன். படர்தாமரை, மெட்ராஸ் ஐ, உதட்டோரம் நீர்க்கொப்புளம், சீழ் வச்ச பரு, இதெல்லாம் இருந்தா நிறுத்திட்டு டாக்டர பாக்க சொல்லணும். இன்னொண்ணு கன்சல்டேஷன்ல கட்டாயம் கேளுங்க, வெள்ளையாகணும்னு மெடிக்கல்ல வாங்கின க்ரீம் எதாவது போடுறீங்களான்னு. ஸ்டீராய்டு கலந்த க்ரீம் போட்டு போட்டு தோலு மெலிஞ்சு போயிருக்கும், அதுல வேக்ஸ் இழுத்தா தோலே உரிஞ்சு வந்துடும். பாலக்கோடு பக்கம் தக்காளி தோட்டத்துல நாள் பூரா வெயில்ல நிக்கற அக்காங்களுக்கு மங்கு இருக்கும், அங்க ஸ்க்ரப்ப போட்டு தேய்ச்சா இன்னும் கருக்கும். 1975ல ஃபிட்ஸ்பேட்ரிக்ங்கற தோல் டாக்டர் கொண்டு வந்த, வெயில் பட்டா தோல் எப்படி ஆகுதுன்னு வச்சு பிரிக்கற ஸ்கின் டைப் முறைல இப்ப ஆறு டைப், நம்ம ஆளுங்க பெரும்பாலும் நாலு, அஞ்சு, சிலர் ஆறு, நம்ம தோலு புண் ஆறினாலும் கரும்புள்ளி விட்டுட்டு போகும், அதனால பிளாக்ஹெட் எடுக்கறப்ப அமுக்காதீங்க.

வீட்ல பழகறதுக்கு அண்ணி, சித்தி பொண்ணு யாரையாவது உக்கார வைங்க, பக்கத்துல ஒருத்தர் இது எதுக்கு செய்றன்னு கேட்டுக்கிட்டே இருக்கணும், கை நிக்காம நீங்க பதில் சொல்லணும். மாடலா வர்றவங்க முடிய முன்னாடியே எடுத்துடாம பாத்துக்கோங்க, வேக்ஸுக்கு கால் இன்ச்சாவது வேணும். பேட்ச் டெஸ்ட், அதாவது கொஞ்சமா தடவி அலர்ஜி வருதான்னு பாக்கறது, முந்தின நாளே. வேக்ஸ் சூட்ட மொதல்ல உங்க மணிக்கட்டுல பாத்துட்டு அப்புறம் அவங்களுக்கு, முடி வளர்ற பக்கமா தடவி எதிர் பக்கமா இழுக்கணும், இன்னொரு கையால தோல இறுக்கி புடிங்க. ஸ்டீமர்ல நம்ம ஊரு போர் தண்ணிய ஊத்தாதீங்க, உப்பு படிஞ்சு கொதிதண்ணி துப்பும், டிஸ்டில்டு வாட்டர்தான்.

எக்ஸாம் அன்னைக்கு நகம் ஒட்ட வெட்டி, மோதிரம் வளையல் கழட்டி, முடிய கட்டி போங்க. அரூர், பென்னாகரம் பக்கத்துல இருந்து வர்றவங்க மொத பஸ்ஸே புடிங்க, டேபிள் செட் பண்ண நேரம் வேணும். ஃபேஷியல் முடிஞ்சதும் கைய தொடச்சுட்டு நின்னுடாதீங்க, பஞ்சு குச்சி எல்லாம் மூடி போட்ட குப்பை டப்பால, டவல் தனி பைல, டூல்ஸ கழுவி ஊற வச்சு, மேஜைய துடைச்சு, க்ளையன்டுக்கு வீட்ல என்ன செய்யணும்னு சொல்லி, ரெக்கார்ட் கார்ட நிரப்பினப்புறம்தான் முடிஞ்சுதுன்னு சொல்லணும்.