பன்சன் பர்னரில் மஞ்சள் சுடர்

ஆரியங்காவு மலைக்கு இந்தப் பக்கம், செங்கோட்டையில் ஒரு பள்ளி ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கோடை விடுமுறை முடிந்து திறந்தபோது ஒரு பன்சன் பர்னர் (ஆய்வகத்தில் சூடாக்க உதவும் வாயு அடுப்பு) மட்டும் மஞ்சளாக எரிந்தது. பீக்கர் அடியெல்லாம் கரி. காற்றுத் துளையை முழுக்கத் திறந்தும் மாறவில்லை. காற்று போதாதபோது எரியாத கரித்துகள்கள் சூடாகி ஒளிர்வதுதான் அந்த மஞ்சள். அப்படியானால் அடைப்பு குழாய்க்குள்தான்.

சிலிண்டரை மூடி, ஆறியதும் குழாயைக் கழற்றினேன். உள்ளே சிலந்தி வலை! சன்ன பிரஷ்ஷால் துடைத்தேன். அடியிலுள்ள ஜெட்டில், அதாவது வாயு வெளிவரும் சிறு முனையில், மட்டும் ஊசியை விடாதீர்கள். எல்பிஜி ஜெட்டின் துளை மிகச் சிறியது. கொஞ்சம் அகன்றாலும் வாயு கூடி மறுபடி மஞ்சள்தான்.

அப்புறம் காற்றுத் துளையை மூடிப் பற்றவைத்து, உள்ளே நீலக் கூம்பு தெளியும்வரை மெல்லத் திறந்தேன். சரியாகிவிட்டது. வாயு குறைந்து காற்று மிகுந்தால் சுடர் குழாய்க்குள் இறங்கி ஜெட்டிலேயே எரியும். உடனே வாயுவை நிறுத்துங்கள். ஆறும்வரை குழாயைத் தொடாதீர்கள்.