ஒன்பது பாடமும் ஒரே ஆளிடம்: வீட்டு வகுப்பு எடுப்பவர்கள் விடும் பிழைகள்

உயர்தரப் பரீட்சை எழுதி, பெறுபேறு வந்து, பல்கலைக்கழக வெட்டுப்புள்ளி வந்து, கெம்பஸ் திறக்கும் வரைக்கும் ஒரு நீண்ட இடைவெளி இருக்கிறது. இலங்கை மலையகத்தில் ஹட்டன், கொட்டகலை, தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கத்துப் பிள்ளைகள் பலர் அந்த இடைவெளியில்தான் வீட்டு வகுப்பு எடுக்கத் தொடங்குகிறார்கள். 11ஆம் தர முடிவில் எழுதும் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஒரு பிள்ளை, படிப்பிக்க ஒரே ஆள், பாடம் மட்டும் ஒன்பது. டவுனில் டியூட்டரிக்கு அனுப்பினால் ஒவ்வொரு பாடத்துக்கும் தனிக் காசு, அதற்கு மேல் பஸ் காசு. அதனால் தேயிலைத் தோட்டத்தில் இந்த ஏற்பாட்டுக்கு எப்போதும் கிராக்கி.

புதிதாகத் தொடங்கியவர்கள் சிலர் சந்தேகம் கேட்டு என்னிடம் வருவார்கள். அவர்களுடைய மாணவர்களின் கொப்பிகளைப் புரட்டினால், நான் தொடங்கிய காலத்தில் செய்த கூத்தெல்லாம் அப்படியே அச்சடித்தாற்போல் இருக்கும். பிந்திப் போகாதீர்கள், படிப்பிக்கும்போது போன் நோண்டாதீர்கள், பிள்ளையை அடிக்காதீர்கள் என்பதையெல்லாம் நான் சொல்லப் போவதில்லை. அது தெரியாதவர் இந்த வேலைக்கே வரக்கூடாது.

"நாளைக்கு என்ன ஹோம்வேர்க்?" என்று வகுப்பைத் தொடங்குவது

இதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வரும். காசும் காலமும் சேர்ந்து வீணாகும் இடம் இதுதான்.

நடப்பது இப்படி. நீங்கள் போய் இஸ்தோப்பில், அதாவது முன் திண்ணையில், உட்காருகிறீர்கள். பிள்ளை புத்தகப் பையைக் கவிழ்க்கிறது. நாளைக்குக் கணிதத்தில் ஐந்து கணக்கு, விஞ்ஞானத்தில் ஒரு படம், வரலாற்றில் இரண்டு கேள்வி. நீங்கள் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்து முடிக்கிறீர்கள். அம்மாவுக்குச் சந்தோஷம், பாடசாலையில் ஏச்சு இல்லை, கொப்பி நிரம்பியிருக்கிறது. மறுநாள் வேறு ஐந்து கணக்கு. இப்படியே தவணைக்குப் பின் தவணை ஓடும். பாடசாலை எந்தப் பாடத்தில் எந்த அலகில் நிற்கிறதோ அதன் பின்னாலேயே நீங்களும் ஓடுவீர்கள். பிள்ளை எங்கே விழுந்தது என்று திரும்பிப் பார்க்க ஒரு நாளும் நேரம் கிடைக்காது.

தலவாக்கலைக்கு மேலே ஒரு தோட்டத்தில், 11ஆம் தரத்துப் பிள்ளை ஒருத்தி. முந்திய வருடம் முழுக்க அவளுக்கு வேறொருவர் வீட்டு வகுப்பு எடுத்திருந்தார். கொப்பிகள் கண்ணில் ஒற்றிக்கொள்ளும்படி சுத்தம். ஆனால் கணிதம், விஞ்ஞானம், புவியியல் மூன்றிலும் தவணைப் புள்ளி 35ஐத் தொடவில்லை. "புள்ளைக்கு மூணு பாடமும் வரவே மாட்டேங்குது டீச்சர்" என்றார் அம்மா. மூன்று கொப்பிகளையும் வாங்கிப் பக்கத்தில் பக்கத்தில் விரித்து வைத்தேன்.

கணிதத்தில், 4,500 ரூபாவை 2:3 என்ற விகிதத்தில் பிரிக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் 4,500ஐ ஒருமுறை இரண்டாலும் ஒருமுறை மூன்றாலும் வகுத்திருந்தாள். விஞ்ஞானத்தில், 36 கிராம் நீரில் எத்தனை மூல் என்ற கேள்விக்கு 36ஐ 18ஆல் பெருக்கி 648 என்று எழுதியிருந்தாள். புவியியலில், 1:50,000 இடவிளக்கப் படத்தில் 4 சென்ரிமீற்றர் தரையில் எவ்வளவு தூரம் என்று கேட்டதற்கு, 200,000 சென்ரிமீற்றரை 100,000ஆல் வகுக்காமல் 200,000 கிலோமீற்றர் என்று எழுதியிருந்தாள். பருத்தித்துறையிலிருந்து தெய்வேந்திரமுனை வரை அளந்தாலும் இந்த நாடு 450 கிலோமீற்றரைத் தாண்டாது.

மூன்றும் ஒரே ஓட்டை. ஒன்றுக்கு இவ்வளவு என்றால் இத்தனைக்கு எவ்வளவு என்ற கணக்கு அவளுக்குள் ஏறவே இல்லை. முந்திய ஆசிரியர் மூன்று கொப்பியிலும் சிவப்புப் பேனையால் வெட்டி, பக்கத்தில் சரியான விடையை அழகாக எழுதியிருந்தார். ஒரே பிழையை மூன்று பாடத்தின் பெயரில் திருத்தியும், அது ஒரே பிழை என்று அவர் கண்ணில் படவில்லை. ஹோம்வேர்க் முடிக்கும் அவசரத்தில் அது படவும் படாது.

டியூட்டரியில் கணித ஆசிரியருக்குக் கணிதக் கொப்பி மட்டும்தான் தெரியும், விஞ்ஞான ஆசிரியருக்கு விஞ்ஞானக் கொப்பி மட்டும்தான். எல்லாக் கொப்பியும் ஒரே மேசையில் கிடப்பது நம்மிடம் மட்டும். அவர்களோடு ஒப்பிட்டால் நமக்கு அனுபவம் குறைவு, பாட அறிவும் குறைவு. நம்மிடம் கூடுதலாக இருக்கிற ஒரே வசதி இதுதான். அதையும் விட்டுவிட்டு ஹோம்வேர்க் செய்து கொடுத்தால், பெற்றோர் எதற்குக் காசு தருகிறார்கள்?

அந்தப் பிள்ளைக்கு விகிதத்தை நான் புத்தகத்திலிருந்து தொடங்கவில்லை. அம்மா கொழுந்து பறிப்பவர். நாளுக்குப் பறிக்க வேண்டிய அளவான நோம் 18 கிலோ என்று வைத்துக்கொள்ளச் சொன்னேன். ஒன்பது கிலோ என்றால்? "அரைப்பேர்" என்றாள், அதாவது அரை நாள் சம்பளம். 36 கிலோ என்றால் எத்தனை நோம்? "ரெண்டு" என்று யோசிக்காமலே வந்தது. சரி, ஒரு மூல் நீர் 18 கிராம், 36 கிராம் எத்தனை மூல்? கொஞ்ச நேரம் என்னையும் கொப்பியையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு அவளே 648ஐ வெட்டினாள். அதற்குப் பிறகு 6ஆம் தரப் புத்தகத்தின் விகிதப் பாடத்துக்குப் போய், அங்கிருந்து மேலே ஏறி வந்தோம். நாலைந்து வாரம் பிடித்தது. விஞ்ஞானத்துக்கும் புவியியலுக்கும் அந்த வாரங்களில் நான் தனியாக ஒன்றும் செய்யவில்லை. ஆனாலும் அவற்றின் கணக்குப் பகுதி தானாக நிமிர்ந்தது.

ஓட்டை கணிதத்தில்தான் இருக்கும் என்றும் இல்லை. பல பிள்ளைகளுக்கு அது வாசிப்பில் இருக்கும். "இரண்டு காரணங்கள் தருக" என்றால் ஐந்து எழுதுவார்கள், "விளக்குக" என்றால் ஒரு சொல் எழுதுவார்கள். வரலாற்றிலும் விஞ்ஞானத்திலும் சமயத்திலும் புள்ளி குறைவது இதனால்தான். வீட்டில் எல்லோரும் "பாடமாக்கு, பாடமாக்கு" என்று நெருக்குவார்கள். பாடமாக்கியதில் குறை இருக்காது, கேள்வியை வாசித்ததில்தான் இருக்கும்.

ஆகவே முதல் இரண்டு மூன்று வகுப்பில் எதையும் படிப்பிக்காதீர்கள். எல்லாக் கொப்பியையும், போன தவணை விடைத்தாள்களையும் கேட்டு வாங்கி, பிழைகளை மட்டும் ஒரு தாளில் எழுதுங்கள். பாட வாரியாக வேண்டாம், பிழை வாரியாக எழுதுங்கள். பின்னம், திசைகொண்ட எண்கள், அலகு மாற்றம், விகிதம், கேள்வியை வாசித்தல், வசனம் அமைத்தல் என்று ஐந்தாறு தலைப்புக்குள் முக்கால்வாசியும் அடங்கிவிடும். 6 முதல் 9 வரையான தரங்களின் பாடநூல்கள் அரசாங்கம் இலவசமாகக் கொடுப்பவை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், யாராவது ஒரு தம்பி தங்கச்சியிடம் இருக்கும், இரவல் வாங்குங்கள்.

அம்மா விடமாட்டார், அதுவும் தெரிந்ததுதான். "டீச்சர், ஹோம்வேர்க்க மட்டும் முடிச்சுக் குடுத்துருங்க, ஸ்கூல்ல ஏசுறாங்க" என்பார். அவரோடு வாதாடாதீர்கள். வகுப்பின் முதல் முக்கால் மணி உங்கள் திட்டத்துக்கு, கடைசி இருபது நிமிடம் ஹோம்வேர்க்குக்கு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். அந்த இருபது நிமிடமும் பிள்ளை தானாகச் செய்யட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்தால் போதும். முடியாத கணக்கை முடியாமலே கொண்டுபோகட்டும். பாடசாலை ஆசிரியருக்கும் பிள்ளைக்கு எது தெரியாது என்று தெரியவேண்டும் அல்லவா?

"வெளங்குதா?" என்று கேட்பது

கேட்காதீர்கள். பேனையைப் பிள்ளையிடம் கொடுங்கள்.

பிடித்த பாடத்திலேயே குந்திக்கொள்வது

உயிரியல் படித்துவிட்டு வந்தவர் வாரம் முழுக்க இதயத்தின் நெடுக்குவெட்டு வரைவார். வர்த்தகம் படித்தவர் ஐந்தொகையை விட்டு எழும்பமாட்டார். வரலாறும் சமயமும் "வாசித்தால் வரும்" என்று ஓரங்கட்டப்படும். வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குத்தான் வாசித்தால் வரும். உயர்தரத்துக்குப் போக ஆறு பாடத்தில் சித்தி வேண்டும், அதில் குறைந்தது மூன்று திறமைச் சித்தியாக (C அல்லது அதற்கு மேல்) இருக்க வேண்டும். தட்டுத் தடுமாறும் பிள்ளைக்கு அந்தத் திறமைச் சித்திகள் பெரும்பாலும் தமிழ், சமயம், வரலாறு, அழகியல் பாடங்களிலிருந்துதான் வரும். உங்கள் விருப்பப் பாடத்திலிருந்து வராது.

தமிழ்நாட்டு யூடியூப்பை அப்படியே போட்டுக்காட்டுவது

நல்ல விளக்கங்கள் இருக்கின்றன, நானும் பார்க்கிறேன். ஆனால் நம் பாடநூலில் ஆர்முடுகல் என்றிருப்பது அங்கே முடுக்கம். ஒட்சிசன் ஆக்சிஜன் ஆகும், திணிவு நிறை ஆகும். இதெல்லாம் பரவாயில்லை, பிள்ளை சமாளித்துவிடும். ஆபத்து வேறு இடத்தில். நாம் கதி என்பதை அவர்கள் வேகம் என்பார்கள், நாம் வேகம் என்பதை அவர்கள் திசைவேகம் என்பார்கள். அந்தக் காணொளியில் கேட்ட வரைவிலக்கணத்தைப் பிள்ளை நம் பரீட்சைத் தாளில் எழுதினால் அது நேரடியாகப் பிழை. நிறையிலும் இதே வம்பு இருக்கிறது, நம் விஞ்ஞானத்தில் நிறை என்பது விசை. முதலில் பாடநூலில் அந்தப் பக்கத்தை வாசிக்க வையுங்கள், அப்புறம் காணொளி.

கடந்தகால வினாத்தாளை ஆண்டு ஆண்டாக அடித்துத் தள்ளுவது

கடையில் விற்கும் வினாத்தாள் தொகுப்பை வாங்கி, பழைய ஆண்டிலிருந்து தொடங்குவார்கள். 2016இல் புதிய பாடத்திட்டத்தில் பரீட்சை வந்தது. அதற்கு முந்திய தாள்களில் இப்போது இல்லாத பகுதிகள் கிடக்கும். பிள்ளை அதைப் பார்த்து "இது எனக்குத் தெரியாதே" என்று பயந்துபோகும். பின்னால் உள்ள விடையைப் பார்த்து எழுதிவிட்டு "பத்து வருஷப் பேப்பர் செஞ்சிட்டேன்" என்று சொல்வதும் நடக்கும்.

வினாத்தாளை அலகு அலகாக வெட்டிக் கொடுங்கள். முழுத் தாளாகச் செய்வது கடைசி இரண்டு மாதத்துக்கு இருக்கட்டும். தாளின் அமைப்பை மட்டும் முதலே சொல்லிக்கொடுங்கள். கணிதம் முதற் பத்திரத்தின் அ பகுதியில் 25 சிறு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 2 புள்ளி. இரண்டு பத்திரத்துக்கும் சேர்த்து 200. அதில் இந்த 25 வினாவே கால்வாசி. சாதாரண சித்திக்கு 35 வேண்டும், அதாவது 200க்கு 70. கணிதம் என்றாலே அழுகிற பிள்ளைக்கு இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டினால் பாதிப் பயம் அங்கேயே இறங்கிவிடும். அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் பத்திரத்தின் கேத்திரகணித நிறுவல்களை வைத்து மாதக்கணக்கில் இழுப்பது அநியாயம்.

பிள்ளையின் புள்ளியை வாசலில் நின்று சொல்வது

லயத்தில் சுவர் மெல்லியது. நீங்கள் சொல்லும் புள்ளி கோடி வீட்டுக் காம்பரா வரைக்கும் கேட்கும்.

1ஆம் திகதி காசு கேட்பது

தோட்டத்தில் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டித்தான். தீபாவளி அட்வான்ஸ் பிடிக்கிற மாதங்களில் கையில் வருவது இன்னும் குறையும். முதல் நாளே 10க்குப் பிறகு என்று பேசிக்கொள்ளுங்கள்.

மழைக்காலத்தை யோசிக்காமல் நேரம் போடுவது

தென்மேற்குப் பருவமழை இறங்கினால் பின்னேரம் ஐந்துக்கே பனிமூட்டம், கரண்ட் போகும், வரும். ஆறரைக்கு வகுப்பு வைத்தால் மெழுகுதிரியில் வரைபுத்தாளைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். திரும்பி வரும் வழியில் சிறுத்தைப் பயம் வேறு, நம் மலைகளில் அது வெறும் கதை இல்லை. ஜூன், ஜூலையில் வார நாள் வகுப்பைக் குறைத்து சனி, ஞாயிறு காலைக்கு மாற்றுங்கள்.

ஒன்பதையும் ஏற்றுக்கொள்வது

"எல்லாப் பாடமும் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு, தகவல் தொழினுட்பத்திலும் ஆங்கிலத்திலும் முதல் நாள் இரவு நீங்கள் படித்து மறுநாள் ஒப்புவிப்பது பிள்ளைக்கு உடனே தெரிந்துவிடும். தெரியாத பாடத்தைத் தெரியாது என்று அம்மாவிடம் முதல் நாளே சொல்லுங்கள். பக்கத்துத் தோட்டத்தில் அந்தப் பாடத்தை உயர்தரத்தில் எடுக்கும் அக்காவோ அண்ணனோ இருந்தால், ஞாயிறு ஒரு மணி நேரத்துக்கு அங்கே அனுப்பச் சொல்லி, அதற்குரிய காசை உங்கள் கட்டணத்தில் குறைத்துவிடுங்கள்.