மரவீட்டு உள்வேலை: பலகை அடிக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கூரை போட்டாயிற்று, கதவு ஜன்னல் வைத்தாயிற்று, இனி உள்வேலையை நாமே பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு குடும்பம் முடிவெடுக்கிற நாள் சந்தோஷமான நாள். தவறுகளும் பெரும்பாலும் அந்த வாரத்திலேயே தொடங்கிவிடுகின்றன. வெறும் சட்டங்களாக நிற்கும் சுவரைப் பார்க்கப் பார்க்க, சீக்கிரம் பலகை அடித்து மூடிவிடலாம் என்று எல்லோருக்கும் கை பரபரக்கும். எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் மூடிய சுவரைத் திரும்பப் பிரித்தால் பலகையின் நாக்கு (பக்கத்துப் பலகையின் பள்ளமான காடிக்குள் நுழையும் மெல்லிய விளிம்பு) உடையும், ஆணி இருந்த இடம் பிளக்கும், பாதிப் பலகை வீணாகும். அதனால் மூடுவதை எவ்வளவு தள்ளிப்போட முடியுமோ அவ்வளவு நல்லது.

முதலில் மரத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பலகையை இறக்கிய மறுநாளே அடிக்கத் தொடங்குவதுதான் நான் பார்த்ததிலேயே அதிகம் பேர் செய்கிற தவறு. மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும், விடும். அதற்கேற்ப அகலத்தில் உப்பும், சுருங்கும். நீளத்தில் மாற்றம் ஏறக்குறைய இல்லை என்றே சொல்லலாம். 150 மி.மீ. அகலமுள்ள ஒரு பைன் பலகையின் ஈரம் 16 சதவீதத்திலிருந்து 8 சதவீதத்துக்கு இறங்கினால், அது 2 முதல் 3 மி.மீ. வரை சுருங்கக்கூடும். ஒரு பலகைக்கு இது பெரிதாகத் தெரியாது. இருபது பலகை கொண்ட சுவருக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

அதனால் பலகையை வீட்டுக்குள்ளேயே, எந்த அறையில் அடிக்கப் போகிறோமோ அங்கேயே, இடையிடையே ரீப்பர் கொடுத்து அடுக்கி வையுங்கள். உலையில் உலர்த்தி வந்த பலகை என்றால் ஒன்றிரண்டு வாரம் போதும். பச்சை வாசனை வீசுகிற பலகைக்கு மாதக்கணக்கில் ஆகும். ஈரம் அளக்கும் சின்னக் கருவி ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பலகையில் குத்தி, சில நாள் இடைவெளியில் எண்ணைக் குறித்து வாருங்கள். எண் இறங்குவது நின்றுவிட்டால் பலகை அறைக்குப் பழகிவிட்டது என்று அர்த்தம்.

இதில் நாங்கள் பட்டதையும் சொல்ல வேண்டும். நாக்கும் காடியுமாக வரும் பலகைகளை மேற்கூரையின் உட்புறத்தில் அடித்து முடித்து, அப்புறம்தான் ஸ்டெயின் எனும் நிறப்பூச்சைப் பூசினோம். பூசிய அன்று பார்க்க அவ்வளவு அழகு. குளிர்காலத்தில் அடுப்பு மூட்டிய சில வாரங்களில், ஒவ்வொரு இணைப்பிலும் நூல் பிடித்ததுபோல் வெளிறிய கோடு ஒன்று தெரிந்தது. பலகை சுருங்கியபோது, காடிக்குள் ஒளிந்திருந்த பூசாத நாக்கு வெளியே வந்திருக்கிறது. ஏணியில் ஏறி, மெல்லிய தூரிகையால் ஒவ்வொரு கோடாகத் தொட்டு நிரப்ப நான்கு ஞாயிற்றுக்கிழமை போனது. பலகையைத் தரையில் வைத்து, நாக்கு உட்பட, ஸ்டெயின் பூசிவிட்டு அடித்திருந்தால் இந்த வேலையே இல்லை.

சுவரின் ஓரங்களில் 6 முதல் 10 மி.மீ. இடைவெளி விடுவதும் இதே காரணத்துக்காகத்தான். ஓரப்பட்டி அதை மறைத்துவிடும். இடைவெளி விடாமல் இறுக்கி அடித்த பலகை மழைக்காலத்தில் உப்பி, நடுவில் தூக்கிக்கொள்ளும். உருட்டுமரங்களை அடுக்கிக் கட்டிய வீடு என்றால் இன்னும் கவனம் தேவை. அந்தச் சுவர் உயரத்திலேயே இறங்கும். முதல் சில வருடங்களில் பல சென்டிமீட்டர்கூட இறங்கலாம். உள்ளே எழுப்பும் தடுப்புச் சுவரை மேலே முட்டும்படி கட்டினால், இறங்குகிற பாரம் முழுவதும் அதன் தலையில் உட்காரும். கதவு நிலைக்கு மேலேயும் இடம் விட வேண்டும்.

சரி, மூடும் முன் சுவருக்குள் பார்க்க வேண்டியவை. மின்வேலையை அதற்கு உரியவரிடம் விட்டுவிடுங்கள், சோதனை முடியும் வரை பலகை அடிக்காதீர்கள். ஒயர் போகும் துளை சட்டத்தின் முகப்பிலிருந்து 32 மி.மீ. தூரத்துக்குள் இருந்தால், அந்த இடத்தில் இரும்புத் தகடு அடியுங்கள். இல்லாவிட்டால் நாளை நீங்களே அடிக்கும் ஆணி ஒயரில் இறங்கும். ஒவ்வொரு சுவரிலும் அளவு நாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு அலமாரி மாட்டும்போது ஒயர் எங்கே, குழாய் எங்கே என்று தடவிக்கொண்டிருக்க வேண்டாம். சுண்டெலி நுழைய 6 மி.மீ. சந்து போதும். தரையும் சுவரும் சேரும் இடத்தில் டார்ச் அடித்துப் பார்த்து, கம்பிவலையைத் திணித்து அடையுங்கள்.

சட்டங்களுக்கு நடுவே வெப்பத்தடுப்பாக வைக்கும் கிளாஸ் வூலை (கண்ணாடிப் பஞ்சு) அமுக்கித் திணித்தால் அதிகக் கதகதப்பு கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். அதற்குள் அடைபட்ட காற்றுதான் வெப்பத்தைத் தடுக்கிறது, அமுக்கினால் அது போய்விடும். ஈரத்தடுப்புத் தாளைக் குளிர் பிரதேசத்தில் அறைப் பக்கம் மட்டும் அடிப்பார்கள். இரண்டு பக்கமும் அடித்தால் உள்ளே புகுந்த ஈரம் வெளியேற வழியின்றி சட்டம் மக்கும்.

வேலையை எப்போதும் மேலிருந்து கீழே கொண்டுவாருங்கள்: மேற்கூரை, சுவர், கடைசியில் தரை.

விறகு அடுப்பு வைப்பதில் மட்டும் கண்ணளவு கூடாது. தயாரிப்பாளர் கையேட்டில் சொன்ன இடைவெளியே கணக்கு. சான்று பெறாத பழைய அடுப்புக்கும் மரச்சுவருக்கும் நடுவே சுமார் 90 செ.மீ. விடுவது வழக்கம். ‘சுவரில் கல் பதித்துவிட்டோம், கிட்ட வைக்கலாம்’ என்பது ஆபத்தான நினைப்பு. பலகையோடு ஒட்டிப் பதித்த கல் சூட்டை அப்படியே பின்னால் கடத்தும். கல்லுக்கும் பலகைக்கும் இடையே 25 மி.மீ. அளவில் காற்று கீழிருந்து மேலாக ஓட வழி இருந்தால்தான் அது பாதுகாப்பு. வருடக்கணக்கில் சூடேறிய மரம், புது மரத்தைவிடக் குறைந்த சூட்டிலேயே பற்றிக்கொள்ளும். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்றும் கட்டாயம் மாட்டுங்கள்.

பழைய மரத்துக்கு ஒரு தனி அழகு உண்டு, நானும் விரும்பித்தான் பயன்படுத்துகிறேன். ஆனால் மாவு போன்ற தூள் உதிரும் சின்னத் துளைகள் இருந்தால் உள்ளே வண்டு உயிரோடு இருக்கிறது. சரக்குத் தட்டுகளை (பேலட்) பிரித்து எடுத்த பலகையில் ‘எச்.டி.’ (HT) முத்திரை இருந்தால் சூட்டில் பதப்படுத்தியது, ‘எம்.பி.’ (MB) இருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. இரண்டாவதை வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். சோதித்துப் பார்க்காமல் அதை உப்புத்தாள் போட்டுத் தேய்க்கக் கூடாது, குழந்தைகள் இருக்கும் வீட்டில் கூடவே கூடாது.

குடும்பமாக வேலை செய்யும்போது ஆளுக்கொரு மூலையில் தொடங்காதீர்கள். ஒரே சுவரில் நில்லுங்கள். அளப்பவருக்கும் அறுப்பவருக்கும் ஒரே அளவு நாடா இருக்கட்டும். இரண்டு நாடாக்களின் முனைக் கொக்கி ஒரு மி.மீ. வேறுபட்டாலே இணைப்பு சேராது. பிள்ளைகளுக்குப் பலகை பிரிக்கும் வேலை கொடுங்கள்: கணு அதிகமுள்ளது தனி, வளைந்தது தனி. எங்கள் சின்னவள் பலகையின் பின்புறமெல்லாம் பென்சிலால் எண் போட்டாள், அந்த வரிசையிலேயே அடித்தோம்.

வேலை முடியும் தறுவாயில் ஆளிவிதை எண்ணெய் பூசுவார்கள். பூசித் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடவே கூடாது. அந்த எண்ணெய் காயும்போது சூடு கிளம்பும். சுருண்ட துணிக்குள் சூடு வெளியேறாமல் ஏறிக்கொண்டே போய், நெருப்புப் பொறி எதுவும் இல்லாமல் தானாகவே தீப்பிடித்துவிடும். ஒவ்வொரு துணியையும் வெளியே தனித்தனியாக விரித்துக் காயவிடுங்கள். முடியாவிட்டால் தண்ணீர் நிரப்பிய தகர டப்பாவில் மூழ்கப் போட்டு மூடி, வீட்டுக்கு வெளியே வையுங்கள். எவ்வளவு அசதியாக இருந்தாலும் இதைச் செய்யாமல் படுக்கப் போகாதீர்கள்.