கறுப்புத் தோல் ஷூவில் மடிப்பு விழும் இடம்

ஹோட்டல் வரவேற்பறையில் 19 வருடமாக நின்றுகொண்டே வேலை பார்க்கிறேன். நாள் முழுக்கக் காலில் கறுப்புத் தோல் ஷூதான். புது ஷூ வாங்கப் போகிறேன் என்று யார் சொன்னாலும், விரல்கள் மடங்கும் இடத்தை முதலில் பாருங்கள் என்பேன். நடக்கும்போது கட்டைவிரல் மூட்டுக்கு நேராகத் தோலில் ஒரு மடிப்பு விழும். ஷூ கடிப்பதும் அங்கேதான், கடைசியில் தோல் வெடிப்பதும் அங்கேதான்.

என் முதல் ஜோடியை அகலம் பற்றவில்லை என்று ஒரு சைஸ் கூட்டி வாங்கினேன். அகலம் சரியாகிவிட்டது. ஆனால் என் பாதம் மடங்கும் இடம் ஒன்று, ஷூ மடங்கும் இடம் வேறு என்று ஆகிவிட்டது. தோல் மடிந்து விரல்மேல் அழுத்தியது, ஒவ்வோர் அடிக்கும் குதிகால் கழன்றது. அகலம் போதவில்லையென்றால் நீளத்தைக் கூட்டாதீர்கள். அதே நீளத்தில் அகலம் கூடிய ரகம் இருக்கிறதா என்று கேளுங்கள், இல்லாவிட்டால் வேறு மாடலுக்குப் போங்கள். தோல் நாளடைவில் பக்கவாட்டில் கொஞ்சம் இளகிக் கொடுக்கும், நீளத்தில் கொடுக்காது.

வாங்க மாலையில் போங்கள், பாதம் அப்போது சற்று உப்பியிருக்கும். வேலைக்குப் போடும் அதே சாக்ஸைப் போட்டுக்கொண்டு, இரண்டு காலிலும் மாட்டி நடந்து பாருங்கள். பலருக்கு ஒரு கால் பெரிதாக இருக்கும். அந்தக் காலுக்குத்தான் அளவு. பாதத்தின் மேல்பகுதி மேடாக இருப்பவர்களுக்கு டெர்பி என்ற லேஸ் ஷூ ரகம் நல்லது. அதில் லேஸ் ஓட்டைகள் உள்ள பட்டைகள் ஷூவின் முன்பக்கத் தோலின் மேல் தைக்கப்பட்டிருப்பதால் தாராளமாக விரியும். ஆக்ஸ்ஃபோர்டு ரகத்தில் அவை முன்பக்கத் தோலுக்கு அடியில் போவதால் அவ்வளவு இடம் கிடைக்காது.

தோலைக் கட்டைவிரலால் லேசாக அழுத்துங்கள். நல்ல தோலில் மெல்லிய சுருக்கங்கள் விழுந்து, விரலை எடுத்ததும் மறையும். கண்ணாடி மாதிரி பளபளக்கும் தோலில் பெரும்பாலும் மேலே தடிமனான பூச்சு இருக்கும். கடையில் அழகாகத் தெரியும், மடிப்பு விழுந்த பிறகு பூச்சு உரியும். சோல் வெல்ட் முறையில், அதாவது ஓரத்தில் ஒரு பட்டை வைத்து அதோடு சேர்த்துத் தைத்ததா, வெறுமனே ஒட்டியதா என்றும் கேளுங்கள். வெல்ட் என்றால் தேய்ந்த சோலைக் கழற்றி வேறு தைக்கலாம். ஒட்டிய சோலின் ஓரத்திலும் அழகுக்குத் தையல் போட்டிருப்பார்கள், அதைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

புது ஷூவை நேராக வேலைக்குப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். முதலில் மடிப்பு வரும் இடத்தில் கொஞ்சம் ஷூ கிரீம் தேய்த்து ஊறவிடுங்கள். பிறகு ஷூவை மாட்டி லேஸைக் கட்டி, மடிப்பு விழவேண்டிய இடத்தில் உருண்டையான பேனா ஒன்றைக் குறுக்கே வைத்துப் பிடித்தபடி குதிகாலை மெல்லத் தூக்குங்கள். தோல் பேனாவை ஒட்டி ஒரே கோடாக மடியும். அடுத்த காலுக்கும் இப்படியே. நான் ஒவ்வொரு ஜோடிக்கும் இதைச் செய்கிறேன். பிறகு வீட்டுக்குள் முதல் நாள் ஒரு மணி நேரம், ஒரு நாள் விட்டு இரண்டு மணி நேரம் என்று ஏற்றிக்கொண்டே போங்கள். பின்குதிகாலில் கொப்புளம் வந்தபின் பிளாஸ்திரி தேடுவதைவிட முன்கூட்டியே ஒட்டிக்கொள்வது மேல். ஒரே இடத்தில் விடாமல் அழுத்தினால் ஷூ தைப்பவரிடம் கொடுங்கள், அச்சு வைத்து அந்த இடத்தை மட்டும் தளர்த்தித் தருவார். தண்ணீரில் ஊறவைப்பது, ஹேர் டிரையரால் சூடாக்குவது இரண்டும் தோலைக் கெடுத்துவிடும்.

பாலிஷ் விஷயத்தில்தான் நிறையப் பேர் தோலைக் கொல்கிறார்கள், நானும் ஒரு ஜோடியைக் கொன்றிருக்கிறேன். அவசரத்துக்கு ஸ்பாஞ்சில் வரும் திரவப் பாலிஷை தினமும் தேய்த்தேன். அது படலம் படலமாகப் படிந்து, மடிப்பில் வெடித்து, பிளவு தோலுக்குள்ளேயே இறங்கிவிட்டது. இப்போது லேஸைக் கழற்றிவிட்டு, மடிப்புக்குள் இருக்கும் தூசியைக் குதிரைமுடி பிரஷால் முழுவதும் தட்டிவிடுகிறேன். அந்த மண் உள்ளேயே கிடந்தால் ஒவ்வோர் அடியிலும் தோலை அராவும். பிறகு ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, கறுப்புக் கிரீமைத் துளியளவு எடுத்துப் பரப்பி, 10 நிமிடம் கழித்து பிரஷ் போடுகிறேன். டப்பாவில் வரும் கெட்டியான மெழுகுப் பாலிஷை விரல்முனையிலும் பின்குதிகாலிலும் மட்டும் போடுங்கள். அங்கே உள்ளே விறைப்பான அட்டை இருப்பதால் தோல் மடங்காது. மடிப்பில் மெழுகு வேண்டவே வேண்டாம்.

ஒரு நாள் போட்டால் மறுநாள் ஓய்வு கொடுங்கள், உள்ளே ஊறிய வியர்வை காயவேண்டும். கழற்றியதும் மரக்கட்டை அச்சை உள்ளே வைத்தால் மடிப்பு நீவிக்கொள்ளும். மழையில் நனைந்தால் செய்தித்தாளைத் திணித்து, ஈரமானதும் மாற்றி, நிழலில் காயவிடுங்கள். வெயில் வேண்டாம். பிளாஸ்டிக் பையில் கட்டிவைத்தால் பூஞ்சை பிடிக்கும், துணிப்பை போதும். குதிகால் ரப்பர் தேய்ந்து மேலடுக்கு தரையைத் தொடும் முன்பே மாற்றிவிடுங்கள். அதற்குமேல் விட்டால் முழுக் குதிகாலையும் மாற்ற வேண்டியிருக்கும்.