பிரஷர் நார்மல் ஆனதும் மாத்திரையை நிறுத்தாதீர்கள்

எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாதாமாதம் பிரஷர் மாத்திரை வாங்க வரிசையில் நிற்பவன் நான். 12 வருடமாகிறது. போன மாதம் எனக்கு முன்னால் நின்ற தம்பிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. "மூணு மாசமா ஏன் வரல?" என்று நர்ஸம்மா கேட்டார். "நார்மல் ஆயிடுச்சுங்க, அதான் நிறுத்திட்டேன்" என்றார் அவர். அன்று அவருக்கு 168/104. நானும் ஒரு காலத்தில் இதே பதிலைச் சொன்னவன்தான்.

உப்பைக் குறைக்க வேண்டும், நடக்க வேண்டும், சிகரெட் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அதை விட்டுவிட்டு, பிரஷர் உள்ளவர்கள் செய்யும் மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

நார்மல் என்றதும் நிறுத்துவது

எனக்கு முதலில் 160/100 இருந்தது. அம்லோடிபின் 5 மில்லிகிராம் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் 124/80. சரி, குணமாகிவிட்டது என்று வீட்டில்கூடச் சொல்லாமல் நிறுத்தினேன். மறுநாள் மெடிக்கல் கடையில் பார்த்தால் 126/80. அந்த அளவுதான் என்னை ஏமாற்றியது. அம்லோடிபின் உடம்பை விட்டு மெதுவாகத்தான் போகும். ரத்தத்தில் அது பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நான் பார்த்தது மாத்திரையின் மிச்சம்.

அப்புறம் தலைவலி இல்லை, கிறுகிறுப்பு இல்லை. எட்டு மாதம் கழித்துப் பல் பிடுங்கப் போனேன். பல் டாக்டர் பிரஷர் பார்த்தார்: 190/110. "இந்த நிலைமையில பல்லைத் தொட மாட்டேன், முதல்ல பிரஷருக்குப் பாருங்க" என்று அனுப்பிவிட்டார். எக்கோ எடுத்ததில் இதயத்தின் இடது கீழறைச் சுவர் தடித்திருந்தது. கூடுதல் அழுத்தத்தை எதிர்த்தே ரத்தத்தைத் தள்ளிக்கொண்டிருந்தால் அந்தத் தசை அப்படித்தான் ஆகும்.

மாத்திரை வேலை செய்வதால்தான் அளவு நார்மலாக இருக்கிறது. எடையும் உப்பும் நன்றாகக் குறைந்தால் டாக்டரே மாத்திரையைக் குறைப்பதுண்டு, சிலருக்கு நிறுத்துவதும் உண்டு. அவர் அளவைப் பார்த்துப் பார்த்துச் செய்வது வேறு, நாமாக நிறுத்துவது வேறு. அட்டினலால், மெட்டோப்ரொலால் போன்ற பிரஷர் மாத்திரைகளைச் சட்டென்று நிறுத்தினால் நாடித்துடிப்பு எகிறும், நெஞ்சுவலிகூட வரலாம். அம்லோடிபினால் கணுக்கால் வீங்குகிறதா, எனலாப்ரிலால் வறட்டு இருமல் வருகிறதா, போய்ச் சொல்லுங்கள். மாற்று மாத்திரை இருக்கிறது.

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது அக்கம்பக்கத்துப் பேச்சைக் கேட்டால்தான். "ஒரு தடவை ஆரம்பிச்சா விடவே முடியாது, கிட்னி போயிடும்" என்று தைரியமாகச் சொல்வார்கள். கிட்னியைக் கெடுப்பது கட்டுப்படாத பிரஷர். அந்தப் பேச்சை நம்பி மாத்திரையைத் தூக்கிப்போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். சொன்னவர் யாரும் ஆஸ்பத்திரிக்குத் துணைக்கு வரவில்லை.

தலை வலித்தால்தான் பிரஷர் என்று நினைப்பது

பெரும்பாலானவர்களுக்கு எந்த அறிகுறியும் தெரியாது. அளந்தால்தான் தெரியும்.

ஓடி வந்து கையை நீட்டுவது

பஸ்ஸை விட்டு இறங்கி நேராக வந்து உட்காருகிறார்கள். 5 நிமிடம் சாய்ந்து உட்காருங்கள், பாதம் தரையில் படட்டும், கை நெஞ்சு மட்டத்துக்கு இருக்கட்டும். சட்டைக் கைக்கு மேல் பட்டையைச் சுற்ற விடாதீர்கள். அளக்கும்போது பேச்சு வேண்டாம். அதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் காபியும் கூடாது. பருத்த கைக்குச் சின்னப் பட்டை போட்டால் அளவு கூடுதலாகக் காட்டும். பெரிய பட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

இந்துப்பு

சாதா உப்புக்குப் பதில் இதைப் போட்டால் பிரஷருக்கு நல்லது என்று நினைக்காதீர்கள். சாதா உப்பைப் போல அதுவும் சோடியம் குளோரைடுதான்.

மூட்டுவலிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரை

டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் பிரஷரை ஏற்றக்கூடியவை. பிரஷர் இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு வாங்குங்கள்.

மாத்திரை தீர்ந்த பிறகு யோசிப்பது

கடைசி அட்டையைப் பிரிக்கும்போதே போய்விடுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் வீட்டில் இருந்தால், 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வரும். உங்கள் ஊர் நர்ஸிடம் அவர்கள் பெயரைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.